எத்தனை வருஷத்துக்கு மரம் வேண்டும்?

பினாங்குத் தீவில் மரக்கன்று விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் வாங்க வந்தவரைப் பார்த்து, "நீங்க இன்னும் எத்தனை வருஷம் இருப்பீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கன்றைத் தொடக்கூட விடாதவர் உலகத்திலேயே ஒருவர்தான். நான் உலகத்தைச் சுற்றிப் பார்த்தவள் இல்லை. ஜெலுத்தோங்கிலிருந்து பாலம் தாண்டிப் பிறை வரைக்கும் பேக்டரி பஸ்ஸில் போய் வந்ததோடு என் உலகம் முடிந்தது. இருந்தாலும் அடித்துச் சொல்வேன். இப்படி இன்னொருவர் இருந்திருந்தால், அவரை இந்நேரம் யாராவது அடித்தே கொன்றிருப்பார்கள்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆயர் ஈத்தாம் போகிற வழியில், ஒரு மோட்டார் வொர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில், தகர வேலிக்குள் அவருடைய நர்சரி இருக்கிறது. தமிழர்களுக்கு அவர் 'எத்தனை வருஷம்'. அதே கேள்வியை மலாய்க்காரர்களிடம் மலாயில் கேட்பதால் அவர்களுக்கு 'பாக்சிக் பெராப்பா தாஹுன்', அதாவது எத்தனை வருஷ மாமா. சீனர்கள் வெறும் கையை உதறிக் காட்டிவிட்டு அடுத்த நர்சரிக்குப் போய்விடுவார்கள்.

சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், புது வீடு கட்டி முடித்த கையோடு அவரிடம் போயிருக்கிறார். வாசலில் நிழல் வேண்டும், சீக்கிரம் வளர்கிற மரமாகக் கொடு என்று கேட்டிருக்கிறார்.

"எத்தனை வருஷம் பாய்?"

"எது எத்தனை வருஷம்?"

"நீங்க இருக்கப் போறதுதான்."

"அத அல்லாதான்யா சொல்லணும்!"

"சரி, கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நூறு வருஷம் இருப்பேன்! எடுய்யா மரத்த!" என்று கத்தியிருக்கிறார். 'எத்தனை வருஷம்' கொஞ்சமும் அசராமல் உள்ளே போய், பழைய மலாய் வீடுகளுக்குத் தூண் போடுகிற காட்டு மரம் ஒன்றின் கன்றை எடுத்துவந்து, "நூறுன்னா இதுதான் பாய் பொருத்தம்" என்று கையில் கொடுத்துவிட்டார். அது நடந்து ஆறேழு வருஷம் ஆகிறது. மரம் இப்போது பாயின் முழங்காலுக்கு வந்திருக்கிறதாம். பாய் வாசலில் குடை பிடித்துக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார்.

இன்னொரு முறை புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது. இந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பீர்கள், இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். மாப்பிள்ளை "அம்பது" என்றான். பெண் "பார்ப்போம் லா" என்றாள். உடனே தொட்டியில் வைத்த சின்ன மரம் ஒன்றைக் கொடுத்தார். "மண்ணுல வைக்காதீங்க. யாரு வீட்ட விட்டுப் போறீங்களோ, அவங்க தூக்கிட்டுப் போயிடலாம்."

இப்படிப்பட்ட ஒரு மனிதரிடம் நான் போனேன் என்றால், எனக்கு வேறு வழி இல்லை என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் மணியம் இருபத்தெட்டு வருஷம் லோரி ஓட்டியவர். பிறையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் அவர் போகாத ரோடு கிடையாது. ஐம்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பேக்டரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டேன். மனிதர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. சாயங்காலம் வெளியே உட்கார வேண்டும், ரோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். "உள்ளுக்குள்ளயே படுத்திருந்தா லோரிய ஷெட்டுல போட்ட மாதிரி இருக்குடி," என்பார்.

எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. முன்னால் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் வாசல் மேற்கே பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நுழைகிற வெயில் ஏழு மணிக்குத்தான் வெளியே போகும். தகரக் கூரை போட்டோம். அதன் கீழே நண்டை வைத்தால் வெந்துவிடும். பெரிய குடை வாங்கி நட்டோம். ஒரே காற்றில் பறந்து பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் கார் மேல் போய் உட்கார்ந்தது. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலிலேயே உட்கார ஆரம்பித்தார் மணியம். டயாலிசிஸ் முடிந்து வந்த உடம்பு. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மரம் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். சொன்ன அடுத்த நிமிஷமே பயந்ததும் நான்தான். வேர் போய்ப் பைப்பை உடைத்துவிட்டால்? கிளையில் பாம்பு வந்தால்? ஆன்ட்டியின் கார் மேல் முறிந்து விழுந்தால்? இடி? ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் பயப்படுகிற பாடத்தில் பரீட்சை வைத்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

அப்படியும் நர்சரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் வாசலைப் பார்க்க வேண்டும் என்று 'எத்தனை வருஷம்' ஒரு திங்கட்கிழமை உச்சி வெயிலில் வேனில் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் கன்று இல்லை. நீளமான மூங்கில் கழி ஒன்று மட்டும் இருந்தது. வாசலில் ஓர் இடத்தில் அதைக் குத்தினார். பிறகு தன் சட்டையைக் கழற்றி, ஹேங்கரில் மாட்டி, கழியின் உச்சியில் தொங்கவிட்டார். பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையின் நிழல் தரையில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். அரை மணிக்கு ஒரு கோடு.

மூன்று மணிக்கு ஆன்ட்டி கேட் ஓரமாக வந்து ரகசியமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இத்து அங்கிள் கீலா கா?"

"பைத்தியம் இல்ல ஆன்ட்டி. மரம் விக்கிறவரு."

"மரம் மானா?"

"மரம் இன்னும் வரல."

"அப்போ அது?"

"அது சட்டை."

ஆன்ட்டி உள்ளே போய்க் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்.

நாலு மணிக்கு 'எத்தனை வருஷம்' கழியைப் பிடுங்கி, எங்கள் கேட்டை ஒட்டி மேற்கு ஓரமாக நட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அவரு உக்கார்றது இங்க. மரத்த அங்க கொண்டுபோய் வெச்சா எப்படி?"

"தங்கச்சி, எல்லாரும் பண்ற தப்பு இதுதான். நாற்காலி போடுற எடத்துலயே மரத்த வைக்கிறாங்க. உச்சி வெயில்லதான் நெழல் காலடியில கெடக்கும். நாலு மணிக்குச் சூரியன் அந்தப் பக்கம் சாஞ்சா, நெழல் இந்தப் பக்கம் ஓடிவரும். உங்க வீட்டுக்காரரு சாயங்காலந்தான உக்கார்றாரு? மரம் அங்க, நாற்காலி இங்க."

சொல்லிக்கொண்டே கழியை இரண்டடி நகர்த்தினார். சட்டையின் நிழல் மெதுவாக வந்து மணியத்தின் நெஞ்சில் விழுந்தது. சட்டைக் கையின் நிழல் அவர் தோளில் கை போட்ட மாதிரி கிடந்தது. மணியம் சிரித்துவிட்டார். "யோவ் அண்ணே, கட்டிப் பிடிக்கிறீங்களே!" அவர் சிரித்து அப்போது பல வாரமாகியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"எத்தனை வருஷம்?"

"இருபது," என்றேன் நான். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு," என்றார் மணியம்.

எங்கள் வீட்டில் அதுவரை அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டரும் சொன்னதில்லை. நான் மணியத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எத்தனை வருஷம்' உச்சுக் கொட்டவில்லை, அப்படிச் சொல்லாதீங்க என்று சமாதானமும் சொல்லவில்லை. சட்டை அளவு கேட்டுக்கொண்ட தையல்காரர் மாதிரித் தலையாட்டினார். "ரெண்டுன்னா செரி மரம். ஒரே வருஷத்துல தலைக்கு மேல கொடை மாதிரி விரிஞ்சிடும். செகப்பா குட்டிக் குட்டிப் பழம் வரும், குருவி வரும். பெருசா ஆயுசு கெடையாது. ஆனா வேகம்."

நான் அவரை வேன் வரை துரத்திக்கொண்டு போனேன். "அண்ணே, மாமரம் வைங்க. இருபது வருஷ மரமா வைங்க."

"மா நெழல் குடுக்க அஞ்சாறு வருஷம் ஆகும் தங்கச்சி. அதுவரைக்கும் அவரு வெயில்ல உக்காரணுமா?"

மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

மறுவாரம் ஒரு முழம் உயரத்தில் கன்று வந்தது. நட்டார். வந்தது வினை. அது வளர்ந்தது. சும்மா வளரவில்லை, துரத்துகிற மாதிரி வளர்ந்தது. மூன்றாம் வாரம் என் முட்டியைத் தாண்டியது. ஐந்தாம் வாரம் இடுப்பு. காலையில் வாசல் பெருக்கப் போனால் நேற்று இல்லாத கொழுந்து இன்று நிற்கும். இரண்டு வருஷத்துக்கென்று கொடுத்த மரம் இது. இது விரிந்து குடையாகிற அன்றைக்கு அந்த இரண்டு வருஷமும் தீர்ந்துபோகும் என்று என் மனசு ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே போட்டேன், என்னால் அவிழ்க்க முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் வேன் மணியத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அடுப்படியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து உச்சிக் கொழுந்தை நறுக்கினேன். நறுக்கிய பிறகு மூச்சு லேசாக வந்தது. வியாழக்கிழமை பக்கக் கொழுந்து. சனிக்கிழமை இன்னொன்று. தண்ணீரையும் குறைத்தேன். மரம் இடுப்பளவில் நின்றுபோனது.

நின்றது மரம் மட்டும்தான். வெயில் நிற்கவில்லை. மணியம் ஈரத் துண்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்து. "செரி எப்பதாண்டி வளரும்?" என்று கேட்பார். "பூச்சி அடிச்சிருக்குங்க" என்பேன். என் பயத்துக்கு அவர் வெந்துகொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அடுத்த செவ்வாய்க்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன்.

'எத்தனை வருஷம்' மாதம் ஒருமுறை மரத்தைப் பார்க்க வருவார். விற்ற மரத்தை அவர் விட்டதே இல்லை. இரண்டாம் மாதம் பார்த்துவிட்டுக் கோழி எரு போட்டார். மூன்றாம் மாதம் மருந்து அடித்தார். நாலாம் மாதம் மரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதனோடு நேரடியாகவே பேசிவிட்டார். "ஏன்லா இப்படி மானத்த வாங்குற? உன் கூடப் பொறந்ததெல்லாம் ரிலாவ் பக்கம் ஒரு வீட்டுல மாடி வரைக்கும் போயிடுச்சு. நீ மட்டும் இடுப்புலயே நிக்கிற. வெக்கமா இல்ல?" ஆன்ட்டி ஜன்னலை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டி போட்டார். ஒவ்வொரு கிளையாகத் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பூச்சி இல்ல."

"எலியா இருக்குமோ அண்ணே?"

"எலி கடிச்சா பிஞ்சு போயிருக்கும். இது சாய்வா, சுத்தமா இருக்கு. எந்த ஊரு எலி கத்தரிக்கோலு வெச்சிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து மணியத்தின் குரல் வந்தது. "விடுங்கண்ணே. எனக்குத் தெரியும்."

நான் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை.

"செவ்வாக்கெழம காலைல இருந்த கொழுந்து, சாயங்காலம் வந்து பார்த்தா இருக்காது. ஒன்னொன்னா எண்ணிக்கிட்டுதான இருக்கேன். எனக்கு வேற என்ன வேல? அவளுக்குப் பயம்ணே. அது வளந்துட்டா நான் போயிடுவேன்னு நெனைக்கிறா. வெட்டுனா கொஞ்சம் நிம்மதியா இருக்கா. வெட்டிக்கிட்டுப் போகட்டும். எனக்கு வெயில் பழக்கந்தான்."

'எத்தனை வருஷம்' எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வேனில் ஏறிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மரத்தை வெட்டியதற்காக முனிசிபாலிட்டியில் எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்றும் பயந்தேன். நம் வீட்டு மரத்தை நாமே வெட்டினால் அபராதம் உண்டா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். எனக்கும் முற்றிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

நாலாம் நாள் ஒரு லோரி வந்து நின்றது. அதில் ஒரு முழு மரம் படுத்திருந்தது. கிளைகளை ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டி, வேர்மண்ணைக் கோணிச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். வேர்மண் மட்டும் வாஷிங் மெஷின் பருமன் இருந்தது. முன் சீட்டிலிருந்து 'எத்தனை வருஷம்' இறங்கினார். பின்னாலிருந்து இரண்டு ஆட்கள் குதித்தார்கள். ஆன்ட்டி வெளியே வந்து பார்த்தார். "ஓ! பொகோக்!" என்று, மரத்தைக் கண்ணால் கண்ட சந்தோஷத்தில் யாரும் கேட்காமலேயே காரை நகர்த்திக் கொடுத்தார்.

எனக்கு அந்த மரத்தை அடையாளம் தெரிந்தது. முதல் தடவை நர்சரிக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். வாசலில் நின்ற செரி மரம். அதன் கீழேதான் அவர் நாற்காலி போட்டிருப்பார்.

"அண்ணே, இது உங்க கடை மரமாச்சே?"

"ஆமா."

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"நாற்காலியிலதான்."

ஆட்கள் மரத்தைத் தூக்கினார்கள். நான் கேட்டுக்கு நடுவில் போய் நின்றேன். கையை விரித்துக்கொண்டு நின்றேன் என்று மணியம் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. "வேணாம்ணே. இவ்வளவு பெருசா வேணாம்."

அவர் என் பக்கத்தில் வந்து, ஆட்களுக்குக் கேட்காத மாதிரி தணிந்த குரலில் பேசினார். "தங்கச்சி, அந்தச் சின்ன மரம் உங்க வீட்டுக்காரரு கணக்கு. இது அவரு கணக்கு இல்ல, என் கணக்கு. எனக்கு நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணுனாங்க. வீட்டுக்கு வந்ததும் என்னையே கேட்டேன், எத்தனை வருஷம்னு. மூனுன்னு தோணுச்சு. அதான் செரி வெச்சேன். இது ஒம்பதாவது வருஷம். நான் கேக்கிற கேள்விக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சரியா பதில் சொன்னதில்ல. என்னையும் சேத்துத்தான்."

"அப்புறம் ஏன்ணே கேக்கிறீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கேக்காட்டி என்ன மரம் குடுக்கிறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் விலகிக்கொண்டேன்.

சின்னதைப் பிடுங்கிவிட்டுப் பெரியதை நட்டார்கள். ஒரே வாரத்தில் இலை முழுக்கக் கொட்டி, மரம் விளக்குமாறு மாதிரி நின்றது. மரத்தையும் கொன்றேன், இவர் கடை நிழலையும் தின்றேன் என்று நான் அழுதேன். அவர் தினமும் வந்தார். தண்ணீர் ஊற்றுவார், மரத்தைத் திட்டுவார், போய்விடுவார். மூன்றாம் வாரம் கணுவில் பச்சை தெரிந்தது. நான் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி வேனுக்குள் போட்டுக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை. புதிது வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் மணியத்துக்கு நிழல் கிடைத்தது. நாலு மணிக்குக் கேட்டுப் பக்கமிருந்து கிளம்பி, ஊர்ந்து வந்து, அவர் காலில் ஏறி, நெஞ்சில் ஏறி, முகத்தையும் மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் 'எத்தனை வருஷம்' வந்து பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்ப்பார்கள். மணியம் கண்ணை மூடிக்கொண்டு, போகிற லோரியின் சத்தத்தை வைத்தே எத்தனை டன் சரக்கு என்று சொல்வார். சரியா தப்பா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் 'எத்தனை வருஷம்' ஒவ்வொன்றுக்கும் "கரெக்ட்" என்பார். டாக்டர் பழமே தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். மணியம் மடியில் விழுந்த பழத்தை, நான் உள்ளே போன சமயம் பார்த்து, "ஒன்னே ஒன்னுதான்" என்று வாயில் போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்.

இரண்டு வருஷம் ஆகவில்லை. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை ஏழு மணி வரைக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போனார். அங்கேயே போய்விட்டார். மரம் தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

சாவுக்கு 'எத்தனை வருஷம்' தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாலையை வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனார். வந்திருந்த ஜனங்கள் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவருக்குப் பொறுக்குமா? "எல்லாரும் எழுந்திரிங்க. ரெண்டடி இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க, நெழல் வருது," என்று ஆரம்பித்தார். அரை மணிக்கு ஒருமுறை சாவு வீட்டு ஜனம் மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. பிறையிலிருந்து வந்த லோரிக்காரர்கள், பேக்டரி சிநேகிதிகள், ஆன்ட்டி எல்லோரும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, நாற்காலிக் கால்கள் சிமெண்டில் இழுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மணியம் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை டன் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் முறைத்தார்கள்.

போன மாதம் நர்சரிக்குப் போனேன். வாசலில் மரம் நின்ற இடம் இன்னும் பள்ளமாகவே கிடக்கிறது. பக்கத்தில் அவருடைய நாற்காலி, பட்டப்பகல் வெயிலில். சுற்றிலும் நூறு கன்று இருக்கிறது.

"ஏன்ணே, புதுசா ஒன்னு வைக்கலியா?"

"என்ன மரம் வைக்கிறதுன்னு தெரியல தங்கச்சி," என்றார். சிரிக்கவில்லை.

நான் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போகிறேன். தலைவலி வரும், மயக்கம் வரும், தோல் கறுத்துப்போகும் என்று எல்லாப் பயமும் வருகிறது. பயந்துகொண்டேதான் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கடை சாத்தும்வரை எழுந்திருப்பதில்லை.